பொறிக்கையும் ஆளகமும்

பொறி என்னும் ஒரு சொல்லுக்குத் தமிழில் இரு பெரும்பொருள்கள் உள. மாந்தர் தம் கைத்திறத்தால் உறுப்புகளை இணைத்து இயக்கும் கருவி பொறி. மெய், வாய், மூக்கு, கண், செவி என்று உடலில் அமைந்து உலகை உணர்த்தும் உறுப்பும் பொறி. இயங்குவதையும் உணர்வதையும் ஒரே சொல்லுக்குள் அடக்கிய இவ்வழக்கு, இக்காலப் பொறியியலின் அடிப்படை நெறி ஒன்றை விளக்கப் பெரிதும் துணைசெய்யும். உணராமல் இயங்கும் கருவி தன் பிழையைத் தான் அறியாது. இயங்காமல் உணரும் கருவி தான் அறிந்த பிழையைத் திருத்தாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டி, உணர்ந்ததைக் கொண்டு இயக்கத்தைச் செம்மைப்படுத்தும் நடுவுறுப்பு ஒன்று அமையும்போதுதான் தானியங்கு பொறி பிறக்கின்றது. அந்நடுவுறுப்பின் அமைப்பையும், பழையதாய்க் கைக்கு வந்த ஒன்றை முறைப்படி இணைத்து இயக்கும் வழியையும் கூறுவது இக்கட்டுரை.

தொல்காப்பியர் உயிர்களை வகுக்கும் இடத்தில், அவை பெற்ற அறிவின் எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொண்டார். தொடுவுணர்வு மட்டும் உடையது ஓரறிவுயிர்; சுவை சேர்ந்தால் ஈரறிவு; மூக்கும் கண்ணும் செவியும் ஒவ்வொன்றாய்க் கூடி, முடிவில் உள்ளமும் சேர ஆறறிவு ஆகின்றது. எதனை உணர வல்லது என்று கேட்டு வகைப்படுத்தும் இம்முறை பொறிகளுக்கும் பொருந்தும். கிணற்று நீரை இறைக்கும் மின்னோடி, தான் சுழல்கின்றதா நிற்கின்றதா என்பதையே அறியாது. தொழிலகத்துப் பொறிக்கையோ, தன் மூட்டு ஒவ்வொன்றும் எக்கோணத்தில் நிற்கின்றது என்பதை ஒரு நொடிக்குள் பலநூறு முறை அறிந்துகொண்டே இருக்கின்றது. கண்ணும் செவியும் இல்லாத எளிய பொறிக்கைக்கு அவ்வோர் அறிவே உண்டு. அவ்வோர் அறிவைக் கொண்டே அது மயிரிழை பிசகாமல் வேலை செய்கின்றது.

கள்ளக்குறிச்சிக்கு அருகே உழுகருவிகள் செய்யும் பட்டறை ஒன்று உண்டு. இழுவைப்பொறியின் பின்னே பூட்டி உழுவதற்கு உழவர்கள் ‘அஞ்சு கலப்பை’ என்றும் ‘ஒன்பது கலப்பை’ என்றும் பெயரிட்டழைக்கும் இரும்புச் சட்டங்கள் அங்கே பற்றவைக்கப்படுகின்றன. ஒரே வகை இணைப்பை நாள்முழுதும் குனிந்து பற்றவைக்கும் உழைப்பைக் குறைக்க எண்ணிய பட்டறையினர், சென்னைப் புறநகரில் கழித்து விற்கப்பட்ட ஆறச்சுப் பொறிக்கை ஒன்றை வாங்கி வந்தனர். கையும் வந்தது, அதன் இரும்புப் பெட்டியும் வந்தது, தடித்த வடங்களும் வந்தன. அவற்றை இணைக்கும் முறையைக் கூறும் ஏடு மட்டும் முழுமையாக வரவில்லை. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து அப்பட்டறையில் மின்தொழில் பயிலும் இளைஞர் ஒருவரும் நானும் அப்பெட்டியைத் திறந்து வரிசைப்படுத்தத் தொடங்கினோம். அவ்வரிசையே இக்கட்டுரையின் வரிசை.

வரையறை

மேலைநாட்டார் ‘ரோபோ’ என்று வழங்கும் சொல், செக்கு நாட்டு எழுத்தாளர் கரேல் சாப்பெக்கு 1920-இல் வெளியிட்ட நாடகத்திலிருந்து பரவியது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் அந்நாட்டுச் சொல்லே அதன் வேர். பன்னாட்டுத் தர அமைப்போ அச்சொல்லைத் தொழில்நோக்கில் துல்லியமாக வரையறுக்கின்றது: தானே கட்டுப்படுவதும், மீண்டும் மீண்டும் நிரலிடத்தக்கதும், ஒரு வேலைக்கு மட்டுமன்றிப் பல வேலைக்கு உரியதும், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அச்சுகளில் இயங்குவதுமான கையாள்கருவியே தொழிலகப் பொறி. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் போன்ற மூட்டுகளை உடைய வகையைப் பொறிக்கை என்றும், அதனை ஆளும் பெட்டகத்தை ஆளகம் என்றும் இங்கு வழங்குவோம். நூல் இருக்குமிடம் நூலகம் ஆவதும், நினைவு தங்குமிடம் நினைவகம் ஆவதும் போல, ஆளுமை தங்குமிடம் ஆளகம் ஆகும்.

இக்கருவியின் வளர்ச்சி நீண்டதன்று. 1954-இல் அமெரிக்கரான சியார்ச்சு டெவோல், நிரலுக்கேற்பப் பொருளை எடுத்து வைக்கும் பொறிக்குக் காப்புரிமை கோரினார். 1961-இல் அவ்வுரிமை அவருக்குக் கிடைத்தது. அவ்வாண்டிலேயே ‘யூனிமேட்டு’ என்னும் முதற் பொறிக்கை, நியூ செர்சி மாநிலத்துச் சீருந்துத் தொழிலகம் ஒன்றில், வார்ப்பிலிருந்து வெளிவரும் சூடான உறுப்புகளை எடுக்கும் வேலையில் அமர்ந்தது. அதன் தசை நீர்ம அழுத்தம். அதன் நினைவு சுழலும் காந்த உருளை. 1974-இல் சுவீடன் நாட்டினர் நீர்மத்தை நீக்கி, முழுதும் மின்னோடிகளால் இயங்கி நுண்செயலியால் ஆளப்படும் கையைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். இன்று பழைய பொருளாய் விலைக்குக் கிடைக்கும் பொறிக்கைகளுள் மிகப் பெரும்பாலானவை அவ்வழிவந்தவையே. ஆதலின் ஒன்றன் நெறியை அறிந்தவர், செய்த நிறுவனம் எதுவாயினும் மற்றொன்றன் நெறியையும் எளிதில் அறிவர்.

அந்நெறியின் பெயர் பின்னூட்டம். அதனை விளக்க அயல்நாட்டு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி ஆறாய் இறங்கிக் கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்குகின்றது. அவ்வணையின் முழு நீர்மட்டம் 46 அடி. மதகைக் காப்பவர் அளவுகோலைப் பார்க்கின்றார்; இருக்க வேண்டிய மட்டத்தோடு அதனை ஒப்பிடுகின்றார்; வேறுபாட்டுக்கு ஏற்பக் கதவை ஏற்றவோ இறக்கவோ செய்கின்றார்; மீண்டும் அளவுகோலைப் பார்க்கின்றார். அளத்தல், ஒப்பிடல், திருத்தல் என்னும் இம்மூன்றும் வளையமாய்த் தொடர்வதே பின்னூட்டக் கட்டுப்பாடு. 1788-இல் சேம்சு வாட்டு தம் நீராவிப் பொறிக்கு அமைத்த சுழல்குண்டுக் கட்டுப்படுத்தியும் இதே வளையந்தான். மதகில் மழைக்காலத்து ஒருநாளில் சில முறை நிகழும் இவ்வளையம், ஆளகத்துள் ஒரு நொடியில் பலநூறு முறை நிகழ்கின்றது. வேறுபாடு விரைவில்தான் உள்ளது, நெறி ஒன்றே.

உறுப்புகளும் வகையும்

ஆளகத்தின் கதவைத் திறந்தவுடன் கண்ணை மருட்டுவது கம்பிகளின் காடு. அக்காட்டில் வழிகாண வகைப்படுத்தல் ஒன்றே துணை. எவ்வளவு பெரிய ஆளகமாயினும் அதன் உறுப்புகள் ஐந்து வகுப்புகளுள் அடங்கும். ஊர் மின்னை உள்வாங்கி, வேண்டிய அழுத்தங்களாகப் பிரித்துத் தரும் மின்மாற்றி, உருகி, மின்வழங்கி முதலியன ஏற்பு வகுப்பு. மூட்டுகளை அசைக்கும் மின்னோடிகளுக்கு அளந்து ஓட்டம் அனுப்பும் திறன்பெருக்கிகள் ஏவல் வகுப்பு. மூட்டின் கோணத்தைத் திருப்பியனுப்பும் நிலையுணரிகளும் அவற்றின் வடங்களும் உணர்வு வகுப்பு. பட்டறைகளில் ‘என்கோடர்’ எனப்படுவது இந்நிலையுணரியே. பாதையைக் கணிக்கும் செயலியும் நினைவகமும் அறிவு வகுப்பு. உடன்நிறுத்தப் பொத்தான்கள், வேலிக்கதவின் சொடுக்கிகள், இவற்றைக் கேட்டு மின்னைத் துண்டிக்கும் இடையாளிகள் ஆகியவை காப்பு வகுப்பு.

மேலைநாட்டில் ‘செர்வோ’ என்னும் சொல் அடிமையைக் குறிக்கும் இலத்தீன் வேரில் பிறந்தது. ஏவியதைச் செய்து, செய்ததைத் திரும்பி வந்து சொல்லும் மின்னோடிக்கு ஏவல் மின்னோடி என்னும் பெயர் நம் மொழியில் இயல்பாகவே பொருந்துகின்றது. பொறிக்கையின் ஒவ்வோர் அச்சிலும் இத்தகைய மின்னோடி ஒன்று உண்டு. அதனுள்ளேயே நிலையுணரியும், மின் நின்றவுடன் கை தொங்கி விழாமல் பிடித்துக்கொள்ளும் தடுப்பியும் உறைந்துள்ளன. நாங்கள் கையாண்ட பொறிக்கையில் ஒவ்வோர் அச்சின் மின்னோடிக்கும் 4 கம்பிகள், தடுப்பிக்கு 2, நிலையுணரிக்கு 6, ஆக 12. ஆறு அச்சுகளுக்கு 72. எழுபத்திரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று மயங்காமல் அறிந்துகொள்வதே முதற்பணி.

இங்கேதான் பெயரிடுதலின் ஆற்றல் விளங்கியது. இளைஞர் தம் குறிப்பேட்டில் ஆறு அச்சுகளுக்கும் அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று உயிரெழுத்துகளின் முதல் ஆறையும் வரிசையாய் இட்டார். மின்னோடிக் கம்பிக்கு ‘மி’, நிலையுணரிக்கு ‘நி’, தடுப்பிக்குத் ‘த’. அதனையடுத்துக் கம்பியின் எண். ‘ஈ-நி-3’ என்றால் நான்காம் அச்சின் நிலையுணரியில் மூன்றாம் கம்பி. வெள்ளைக் குழல்துண்டுகளில் மையிட்டு எழுதி ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் செருகினார். மின் அளக்கும் பன்மானியின் ஒரு முனையை அவர் கைப்பக்கத்தில் வைக்க, மறுமுனையை நான் ஆளகப் பக்கத்தில் வைத்து, ஓசை எழும் இணையைக் கண்டு, பெயரைச் சூட்டிக்கொண்டே சென்றோம். இரண்டு நாள் கழிந்தது. அவ்விரு நாளில் ஒரு கம்பியிலும் மின் பாயவில்லை; எனினும் வேலையின் பாதி அப்போதே முடிந்துவிட்டது.

இப்பொறுமை ஏன் வேண்டும் என்பதற்கு விடை பின்னூட்ட நெறியிலேயே உள்ளது. இரண்டாம் அச்சின் மின்னோடியும் மூன்றாம் அச்சின் நிலையுணரியும் தவறிப்போய் ஒரே வளையத்தில் இணைக்கப்பட்டனவென்று கொள்வோம். ஆளகம் இரண்டாம் மூட்டைச் சிறிது உயர்த்த ஓட்டம் அனுப்புகின்றது, மூட்டு உயர்கின்றது, ஆனால் திரும்பி வரும் செய்தியோ மூன்றாம் மூட்டினுடையது, அது அசையவில்லை. ஏவல் நிறைவேறவில்லை என்று கருதும் ஆளகம் மேலும் ஓட்டத்தைக் கூட்டுகின்றது. திருத்த வேண்டிய வளையமே பிழையைப் பெருக்குகின்றது. ஏவலுக்கும் நிலைக்கும் உள்ள வேறுபாடு எல்லை மீறியதைக் கண்டு காப்புறுப்பு நிறுத்துமுன், சில நூறு கிலோ எடையுள்ள இரும்புக்கை பாய்ந்து அடித்துவிடக்கூடும். உணர்வையும் இயக்கத்தையும் மாற்றிக் கட்டினால் அறிவே தீங்காகும் என்னும் நெறியை இதனினும் தெளிவாய்க் காட்ட இயலாது.

மின்னேற்றும் முறை

நம் நாட்டில் தொழிலுக்கு வழங்கப்படும் மும்முனை மின், முனைக்கும் முனைக்கும் இடையே 415 வோல்ட்டு அளவுடையது. பொறிக்கைகள் பிறந்த நாடுகளின் வழக்கோ வேறு. ஐரோப்பிய ஆளகங்கள் பல 400 வோல்ட்டை ஒட்டி அமைந்தவை. சப்பானிய ஆளகங்கள் பல 200 முதல் 220 வோல்ட்டுக்கு அமைந்தவை. எனவே எந்த ஆளகத்தைத் தொடுமுன்னும் அதன் கதவில் ஒட்டிய தகட்டைப் படித்தல் தலையாய கடமை. எங்கள் ஆளகத் தகட்டில் 200 முதல் 220 வோல்ட்டு, மும்முனை, 4 கிலோவோல்ட்டு-ஆம்பியர் என்றிருந்தது. அதனை நேரே ஊர் மின்னில் இணைத்திருந்தால், அலைதிருத்திக்குப் பின் மின்தேக்கிகளில் ஏறும் அழுத்தம் 415-இன் 1.414 மடங்கு, அதாவது ஏறத்தாழ 587 வோல்ட்டு ஆகியிருக்கும். அதில் பாதியளவுக்கென அமைந்த மின்தேக்கிகள் அக்கணமே வெடித்துச் சிதறியிருக்கும்.

ஆதலின் 415-ஐ 210 ஆக இறக்கும் மும்முனை மின்மாற்றி ஒன்று இடையே வைக்கப்பட்டது. கணக்கு எளிது. 4,000-ஐ 415-ஆலும், மூன்றின் இருமடி மூலமாகிய 1.732-ஆலும் வகுக்க, ஏற்புப் பக்கத்து ஓட்டம் 5.6 ஆம்பியர்; 415-க்கு மாற்றாக 210-ஐக் கொண்டு வகுக்க, வழங்கு பக்கத்தில் 11 ஆம்பியர். கம்பியின் தடிமனும் உருகியின் அளவும் இவ்விரு எண்களிலிருந்தே பிறக்கின்றன. மும்முனையுள் ஒருமுனை இற்றுப்போனால் இறைப்பு மின்னோடி கருகிவிடும் என்பதை இவ்வட்டாரத்து உழவர் பட்டறிவால் அறிவர். அதற்கெனத் தம் தொடக்கிப் பெட்டியில் காப்பி ஒன்றையும் பொருத்துவர். அதே காப்பியை இவ்வாளகத்தின் முன்னும் பொருத்தினோம். வயலில் கற்ற பாடம் தொழிலகத்திலும் செல்லுபடியாயிற்று.

மின்னேற்பைப் போன்றே இன்றியமையாதது புவித்தொடுப்பு. கசியும் மின்னுக்கு நிலத்துள் இறங்க எளிய வழி அமைத்துத் தருவது அதன் முதற்பயன். நிலையுணரியின் நுண்ணிய துடிப்புகளைப் பற்றவைப்பு இரைச்சலிலிருந்து காப்பது அதன் இரண்டாம் பயன். இந்தியத் தர அமைப்பின் 3043 என்னும் எண்ணுடைய நெறிநூல் இதற்கே உரியது. குழி தோண்டிக் குழாயை நிறுத்திச் சுற்றிலும் கரியும் உப்பும் நிரப்பி, கோடையில் நீரூற்றி ஈரம் காப்பது நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கம். மண் மின்னைக் கடத்துவது அதன் ஈரத்தாலும் அதில் கரைந்த உப்பாலும் ஆகையால் இவ்வழக்கம் அறிவியலுக்கு முற்றும் ஒத்தது. களிமண் நிலத்தில் ஒரு குழியால் அமையும் தொடுப்பு, பாறை மேலோங்கிய மலைநிலத்தில் பல குழிகளை இணைத்தும் அரிதாகவே அமையும். ஒரே மாவட்டத்துள் சமவெளியும் கல்வராயன் பாறையும் அடுத்தடுத்து இருப்பதால், மண்ணின் தடையை ஒவ்வோரிடத்தும் அளந்தே முடிவு செய்ய வேண்டும்.

மின் ஏற்றுமுன் ஆளகத்தின் உட்புறத்தைக் கண்ணால் ஆய்ந்தோம். இரும்புத் தூள் படிந்திருந்தது. காற்றாடியின் இதழ்களில் எண்ணெய்ப் பிசுக்கு. கீழ்த்தட்டில் எலி ஒன்று பழந்துணியால் கூடுகட்டி வாழ்ந்திருந்தது. அதன் பல் பட்ட கம்பி ஒன்றில் செம்பு மின்னிற்று. உலர்ந்த காற்றால் தூளை நீக்கி, அக்கம்பியை முழுவதுமாய் மாற்றினோம். மின்தேக்கிகளின் தலை உப்பவில்லை என்பதைப் பார்த்தோம். மின்காப்பு அளவியால் மின்னோடிச் சுருள்களை ஆய்ந்தோம். ஆயுமுன் திறன்பெருக்கிகளின் இணைப்பைக் கழற்றினோம், ஏனெனில் அக்கருவியின் உயரழுத்தம் அவற்றின் நுண்ணுறுப்புகளை அழித்துவிடும். அதன்பின் மின்னோடிகளைப் பிரித்தே வைத்து, ஆளுமைக்குரிய 24 வோல்ட்டு நேர்மின்னை மட்டும் முதலில் எழுப்பினோம். ஒவ்வொரு படியிலும் அளவு செவ்வையானால்தான் அடுத்த படி. மின்னை நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளில் அழுத்தம் தங்கும். தகட்டில் குறித்த மணித்துளிகள் கழிந்து, பன்மானியில் சுழியைக் கண்ட பிறகே கை உள்ளே செல்லலாம்.

காப்புத் தொடர்

பயிற்றுப்பலகையில் ஒளி தோன்றியது. கையில் ஏந்திப் பொறிக்கைக்கு வழிகாட்டும் சிறு பலகை அது. ஆனால் மின்னோடிகளுக்கு மின்னேற மறுத்தது ஆளகம். பலகையில் தோன்றிய பிழையெண்ணை இளைஞர் ஏட்டோடு ஒப்பிட்டு நோக்கினார். சிறிது நேரம் அசையாதிருந்துவிட்டு, “அண்ணா, பழைய கம்பெனியில இருந்த வேலிக்கதவ எங்கேன்னு கேக்குதுண்ணா” என்றார். இதனினும் செம்மையாய் அப்பிழையை எந்நூலும் விளக்கியிருக்க முடியாது.

காப்புத் தொடரின் அமைப்பு இது. உடன்நிறுத்தப் பொத்தான், வேலிக்கதவின் சொடுக்கி, பயிற்றும்போது பயிற்றுப்பலகையின் இசைவுச் சொடுக்கி ஆகியவை அனைத்தும் மூடியிருந்தால்தான் அவற்றினூடே மின் பாயும்; அது பாய்ந்தால்தான் மின்னோடிகளுக்கு வழி திறக்கும். ஏதேனும் ஒன்று திறந்தால் தொடர் அறும். அறுந்தால் இயக்கம் நிற்கும். கம்பி இற்றுப்போனாலும் அதே விளைவுதான். கெடுதல் எதுவாயினும் அது நிறுத்தத்திலேயே முடியுமாறு அமைப்பதே காப்புப் பொறியியலின் முதல் நெறி. மேலும் இத்தொடர் ஒன்றன்று, இரண்டு. ஒன்று ஒட்டிக்கொண்டு பொய் சொன்னாலும் மற்றொன்று மெய் சொல்லும். இரண்டும் ஒவ்வாவிடின் ஆளகம் இயங்க மறுக்கும். பழைய தொழிலகத்தில் வேலிக்கதவுக்குச் சென்ற கம்பிகளை வெட்டியெடுத்து விற்றுவிட்டமையால், எங்கள் ஆளகத்தில் இரு தொடர்களும் அறுந்தே கிடந்தன.

ஒவ்வொரு தொடரிலும் அறுந்த இரு முனைகளையும் சிறு கம்பித்துண்டால் இணைத்துவிட்டால் அந்நொடியே பொறி எழுந்து நிற்கும். பழைய பொறிக்கைகளை வாங்குவோர் பலர் அவ்வாறே செய்துவிட்டு அத்துண்டுகளை மறந்துவிடுகின்றனர். அது செய்யத் தகாதது. அவ்விரல்நீளக் கம்பிகள் வேலியையும் கதவையும் ஒருங்கே பொய்யாக்கிவிடும். உள்ளே ஒருவர் நிற்கும்போது வெளியே ஒருவர் பொறியை எழுப்பினால் தடுக்க ஏதும் இராது. ஆதலின் நாங்கள் இரும்புக் கம்பிவலையால் வேலி எழுப்பி, கதவு வைத்து, அதில் இரு தொடர்களுக்கும் உரிய சொடுக்கியைப் பொருத்தி, எளிதில் எட்டும் இரு இடங்களில் சிவந்த நிறுத்தப் பொத்தான்களை அமைத்தோம். அதற்கு மேலும் ஒரு கிழமை ஆயிற்று. ஆளகம் கேட்ட கேள்வி நேர்மையானது. அதற்கு நேர்மையான விடையே தரப்பட வேண்டும்.

இசைவுச் சொடுக்கியின் அமைப்பும் எண்ணத்தக்கது. அது மூன்று நிலை உடையது. அழுத்தாவிடில் இயக்கம் இல்லை. நடுநிலையில் மெல்ல அழுத்தியிருந்தால் இயக்கம் உண்டு. அச்சத்தால் இறுகப் பற்றினாலோ மீண்டும் நின்றுவிடும். திடுக்கிட்ட மாந்தர் கையை விட்டுவிடுவதும் உண்டு, இறுகப் பிடிப்பதும் உண்டு. இரண்டையும் ஆராய்ந்து, இரண்டுக்கும் நிறுத்தத்தையே விடையாக வைத்த இவ்வமைப்பில் மாந்த இயல்பைப் பற்றிய ஆழ்ந்த அறிவு அடங்கியிருக்கின்றது.

சுழிநிலை

இனிப் பொறிக்கைக்குத் தான் இருக்கும் நிலையை நினைவூட்ட வேண்டும். மின் நின்றிருக்கும் காலத்திலும் நிலையுணரிகளின் சுற்றெண்ணிக்கையைக் காப்பவை, கையின் அடிப்பகுதியில் உறையும் சிறு மின்கலங்கள். பல திங்கள் கிடங்கில் கிடந்ததால் அவை தீர்ந்துபோய், ஆறு மூட்டுகளும் தம் எண்ணிக்கையை மறந்திருந்தன. கை கண்முன்னே நிற்கின்றது. ஆனால் தான் எங்கே நிற்கின்றது என்பதை அதுவே அறியாது.

கள்ளக்குறிச்சி வட்டாரத்து மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. அச்சிற்பிகள் மரத்தில் உளி வைக்குமுன் நடுவே கோடொன்று இழுப்பர். நெற்றியும் மூக்கும் உந்தியும் அக்கோட்டிலிருந்தே அளக்கப்படும். கோடு பிசகினால் முகம் பிசகும். பொறிக்கைக்கு அக்கோடு சுழிநிலை. ஒவ்வொரு மூட்டிலும் செய்தோர் பொறித்த இரு குறிகள் உள. அவை நேருக்கு நேர் வரும்வரை மூட்டை மெல்லத் திருப்பி, இதுவே சுழி என்று ஆளகத்துக்குச் சொல்ல வேண்டும். தடுப்பியை விடுத்தால் கை தன் எடையால் விழும் ஆதலின், முதலில் அதனைச் சங்கிலித் தூக்கியில் தாங்கி நிறுத்தினோம். புது மின்கலங்களை இட்டு, குறிகளை ஒவ்வொன்றாய் ஒன்றவைத்தோம்.

இச்சுழியிலிருந்து பிறக்கும் நுண்மையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 17 இருமவிலக்க நிலையுணரி, ஒரு சுற்றை 2-இன் 17-ஆம் படியாகிய 1,31,072 கூறுகளாகப் பகுக்கின்றது. மின்னோடி 100 சுற்றுச் சுற்ற மூட்டு ஒரு சுற்றுச் சுற்றுமாறு இடையே பல்லிணைப் பெட்டி அமைந்திருந்தால், மூட்டின் ஒரு சுற்று 1,31,07,200 கூறுகள் ஆகும். ஒரு மீட்டர் நீண்ட கையின் நுனியில் ஒரு கூறு என்பது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. பல்லிணையின் நெகிழ்வும் இரும்பின் வளைவும் இந்நுண்மையைக் குறைத்தாலும், ஒரே இடத்துக்கு மீண்டும் மீண்டும் வந்து சேர்வதில் நல்ல பொறிக்கை ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்குள் நின்றுவிடுகின்றது.

கோணத்தை அறிந்தால் நுனியின் இடத்தை அறிவது எவ்வாறு? 1955-இல் டெனாவிட்டு, ஆர்ட்டன்பர்க்கு ஆகிய இருவர், மூட்டு ஒவ்வொன்றையும் நான்கே எண்களால் குறிக்கும் முறையை வகுத்தனர். இரண்டு நீளம், இரண்டு கோணம். ஆறு மூட்டுக்கு 24 எண்கள். அவற்றைத் தொடர்ந்து பெருக்கிச் சென்றால் அடியிலிருந்து நுனிவரை இடம் தெரிந்துவிடும். இது நேர்க்கணிப்பு. நுனி நிற்க வேண்டிய இடத்தைத் தந்து மூட்டுகளின் கோணங்களைக் கேட்பது எதிர்க்கணிப்பு. அதற்கு ஒரே விடைக்கு மாறாகப் பல விடைகள் வரலாம், சில இடங்களில் விடையே இல்லாமலும் போகலாம். முழங்கையை மேலே மடித்தும் கீழே மடித்தும் நாம் ஒரே குவளையை எடுக்க வல்லோம் அன்றோ? அவற்றுள் ஏற்றதைத் தெரிந்தெடுப்பதே அறிவு வகுப்பின் ஓயாத பணி.

முதல் அசைவு

பயிற்றுநிலையில் பொறிக்கையின் விரைவு நொடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேற்படாது என்பது பன்னாட்டு நெறி. ஒருவர் கண்டு விலகுவதற்கு அவ்விரைவு இடந்தரும். அதனினும் மிகக் குறைத்து வைத்து, வேலிக்கு வெளியே நின்று, ‘அ’ அச்சை மட்டும் இரண்டு கோணப்பாகை திருப்பினோம். தடுப்பி விடும் ‘டக்’ என்னும் ஓசை எழுந்தது. கை மெல்லத் திரும்பி நின்றது. பலகையில் தோன்றிய எண்ணும் மூட்டின் குறியும் ஒத்திருந்தன. பிறகு ‘ஆ’, பிறகு ‘இ’ என்று ஆறும் தனித்தனியே, அதன்பின் இரண்டிரண்டாய், கடைசியாய் ஆறும் சேர்ந்து நேர்கோடு ஒன்றில் நுனியை நடத்தின. ஆறு மூட்டுகளும் வெவ்வேறு விரைவில் வளைந்து வளைந்து இயங்க, நுனி மட்டும் நூல்பிடித்தாற்போல் நேரே சென்றது. எழுபத்திரண்டு கம்பிகளும் தத்தம் பெயருக்கு ஏற்ப நின்றமையின் விளைவு அந்நேர்கோடு.

தமிழில் இத்தகைய அறிவைக் கூறவியலுமா என்னும் ஐயம் நெடுங்காலமாய் எழுப்பப்படுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவரான சாமுவேல் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களும் வெளியிட்டுக் காட்டினார். 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம், சொல்லாக்கத்துக்கு வேண்டிய துணிவை நமக்கு அளித்தது. சொல் அமைவது பெருமைக்காக மட்டுமன்று. ‘இசைவுச் சொடுக்கி’ என்று கேட்டவுடன் அதன் பயன் பயில்வோனுக்கு விளங்கிவிடுகின்றது; ‘ஏவல்’, ‘உணர்வு’ என்னும் பெயர்களைக் கேட்டவன் அவ்விரண்டையும் மாற்றிக் கட்டத் துணியமாட்டான். பொருள் விளங்கும் பெயர் பிழையைத் தடுக்கும் கருவி. அதுவும் காப்புத் தொடரின் ஒரு கண்ணியே.

பொறிக்கை பற்றவைக்கத் தொடங்கிச் சில திங்களுக்குப் பின், ஒருநாள் காலையில் நான் தொலைவூரில் இருந்தபோது பட்டறையிலிருந்து அழைப்பு வந்தது. கை நடுவே நின்றுவிட்டது என்றார் இளைஞர். நான் கேள்வி தொடுக்குமுன் அவரே தொடர்ந்தார்: “ஈ-நி-3 அண்ணா. வடம் மடியுற எடத்துல இத்துப்போச்சு. மெயின நிறுத்தி, கதவப் பூட்டிட்டேன். மாத்திட்டு, ஈ அச்சுக்கு மட்டும் சுழி பாத்துட்டு எழுப்பிடவா?” எழுபத்திரண்டு கம்பிகளுள் இற்றது எது, இற்ற இடம் எது, அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை எவை என்பன அனைத்தும் அச்சில சொற்களுள் வரிசை பிறழாமல் அடங்கியிருந்தன. எழுப்பிவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.